கல்லும் கடனும்: பாத் நகரத்து வீதிகளின் கதை

இங்கிலாந்தின் தென்மேற்கே ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் பாத் நகரத்தில் சண்டர்லேண்ட் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு உண்டு. அதைத் தெரு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். கிரேட் பல்ட்னி ஸ்ட்ரீட் என்ற அகலமான ராஜவீதியிலிருந்து வடக்கே திரும்பினால் நாலு எட்டு வைப்பதற்குள் முடிந்துவிடும். அதில் இருப்பது ஒரே ஒரு முகவரி. பக்கத்திலேயே லாரா பிளேஸ் என்ற சதுக்கத்திலிருந்து கிளம்பும் ஜான்ஸ்டன் ஸ்ட்ரீட்டும் அப்படித்தான். இரண்டு பக்கமும் உயரமான கல் வீடுகளோடு கம்பீரமாக ஆரம்பித்து, கொஞ்ச தூரத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அப்பால் விளையாட்டு மைதானம்.

சுற்றுலா வருகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. அவர்கள் ரோமானியர் குளத்தையும் பிறை வடிவ வீட்டு வரிசையையும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் பாத் நகரம் எப்படிக் கட்டப்பட்டது, யார் பணத்தில் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டுமென்றால் இந்த அரைகுறைத் தெருக்களைத்தான் பார்க்க வேண்டும். கட்டடக் கலை புத்தகங்களை விட கணக்குப் புத்தகங்கள் இங்கே அதிகம் பேசும்.

முதலில் கொஞ்சம் முன்கதை. பாத் நகரில் தரைக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊற்று வருகிறது. சுமார் 46 டிகிரி செல்சியஸ் சூடு, ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கும் மேல். ரோமானியர்கள் இதைச் சுற்றிக் கோயிலும் குளியல் மண்டபமும் கட்டி அக்வே சூலிஸ் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் போன பிறகு எல்லாம் இடிந்து மண்மூடிப் போயிற்று. அதன் பிறகும் நோயாளிகள் வந்து குளிப்பது நிற்கவில்லை. 1700-ஆம் ஆண்டு வாக்கில் பாத் என்பது மதில் சுவருக்குள் அடங்கிய, மூவாயிரம் பேர் வசித்த ஒரு சின்ன ஊர். நூறு வருடம் கழித்து 1801-இல் இங்கிலாந்தின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது அங்கே முப்பதாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். பத்து மடங்கு! தொழிற்சாலை இல்லை, துறைமுகம் இல்லை. வெந்நீரும் சீட்டாட்டமும் கல்யாண மார்க்கெட்டும்தான் தொழில்.

இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தியவர் ரிச்சர்ட் நாஷ். 'பியூ' நாஷ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1700-களின் ஆரம்பத்தில் சூதாட வந்தவர், விழாக்களை நடத்தும் அதிகாரியாக ஆகிவிட்டார். நடன மண்டபத்தில் வாள் கட்டக் கூடாது, பல்லக்குத் தூக்கிகள் இஷ்டத்துக்குக் காசு கேட்கக் கூடாது, இத்தனை மணிக்கு நடனம் முடிய வேண்டும் என்றெல்லாம் சட்டம் போட்டார். சீமானும் வியாபாரியும் ஒரே கூடத்தில் பழகலாம் என்ற நிலை வந்தது. வருகிறவர்கள் கூடினார்கள், தங்க இடம் வேண்டியிருந்தது. (நாஷின் முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. 1739-லும் 1745-லும் வந்த சூதாட்டத் தடைச் சட்டங்கள் அவர் வருமானத்தை அடித்துவிட்டன. கடைசிக் காலத்தில் மாதம் பத்து கினி நகரசபை கொடுத்த உதவியில் வாழ்ந்து 1761-இல் இறந்தார். சவ ஊர்வலம் மட்டும் தடபுடலாக நடந்தது, அதுவும் நகரசபை செலவில்.)

தங்க இடம் வேண்டும் என்ற தேவையைப் பணமாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவரிடம் கல் இருந்தது, இன்னொருவரிடம் திட்டம் இருந்தது.

கல் வைத்திருந்தவர் ரால்ஃப் ஆலன். இருபது வயதுக்குள்ளேயே பாத் தபால் நிலையத்தின் பொறுப்புக்கு வந்தவர். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பெரும்பாலான கடிதங்கள் லண்டன் வழியாகத்தான் போக வேண்டும். குறுக்கு வழித் தபால்களில் நடந்த திருட்டும் கணக்கில் வராத காசும் ஏராளம். ஆலன் 1720-இல் அந்தக் குறுக்குத் தபால்களை வருடத்துக்கு 6000 பவுண்டு என்று அரசாங்கத்திடம் ஒப்பந்தம் எடுத்தார். கணக்கை ஒழுங்காக வைத்ததாலேயே லாபம் வந்தது. அந்த லாபத்தில் ஊருக்குத் தெற்கே கூம் டவுன் மலையில் கல் சுரங்கங்களை வாங்கினார். பாத் கல் என்பது தேன் நிறத்தில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக் கல். வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருக்கும், ரம்பத்தால் அறுக்கலாம், காற்றுப் பட்டால் இறுகும். மலையிலிருந்து ஆற்றங்கரை வரை மரத் தண்டவாளம் போட்டு, கல் ஏற்றிய வண்டிகளை இறக்கினார் ஆலன். 1731 வாக்கில் அது ஓட ஆரம்பித்தது. ரயில் எஞ்சின் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பு!

லண்டன்காரர்களுக்கு இந்தக் கல் மீது நம்பிக்கை இல்லை. கிரீனிச் மருத்துவமனைக் கட்டடத்துக்கு ஆலன் கேட்ட ஆர்டர் கிடைக்கவில்லை. அதனால் மலைச்சரிவில் ஊரே பார்க்கும்படி தனக்கென்று பிரையர் பார்க் என்ற மாளிகையைக் கட்டிக்கொண்டார். வீடு என்ற பெயரில் ஒரு விளம்பரப் பலகை என்று சொல்லலாம்.

திட்டம் வைத்திருந்தவர் ஜான் வுட். 1704-இல் பாத்திலேயே பிறந்த கட்டடக்காரர். ரோமானிய பாணியில் சதுக்கம், வட்ட அரங்கு, விளையாட்டுக் களம் எல்லாம் கொண்ட புதிய நகரம் ஒன்றை எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. நகரசபை அக்கறை காட்டவில்லை. கையில் பெரிய முதலும் இல்லை. அப்புறம் எப்படிக் கட்டினார்? வணிகவியல் படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

மதிலுக்கு வெளியே இருந்த நிலம் ராபர்ட் கே என்ற அறுவை வைத்தியருக்குச் சொந்தம். வுட் அந்த நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. 99 வருடக் குத்தகைக்குத் துண்டு துண்டாக எடுத்தார். தெருவின் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்தார். பிறகு மனை மனையாகப் பிரித்து, கொத்தனார், தச்சர், ஓட்டு வேலைக்காரர் போன்ற சின்னச் சின்ன பில்டர்களுக்கு உள்குத்தகை விட்டார். நிபந்தனை ஒன்றுதான். முன்பக்கம் அவர் வரைபடத்தில் உள்ளபடி அச்சு அசலாக இருக்க வேண்டும். உள்ளே அறைகளை எப்படியும் பிரித்துக்கொள்ளலாம், பின்பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வருடம் 5 பவுண்டு தரை வாடகைக்கு வுட் எடுத்த மனையை 10 பவுண்டுக்கு உள்குத்தகை விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் ஒன்றுகூட வைக்காமல் வருடம் 5 பவுண்டு, 99 வருடத்துக்கு. கட்டும் செலவு பில்டர் தலையில். பில்டருக்கும் ஒரு சலுகை உண்டு. கட்டி முடிக்கும் வரை முதல் ஓரிரு வருடம் வாடகை பெயரளவுக்குத்தான். ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு 'ஒரு மிளகு வாடகை' என்று பெயர். வருடத்துக்கு ஒரே ஒரு மிளகு! அந்த அவகாசத்துக்குள் சுவரும் கூரையும் எழுப்பி, வாடகை ஆரம்பிக்கும் முன் வீட்டை விற்றுவிட்டால் பில்டருக்கு லாபம். விற்கவில்லையென்றால் வட்டி கழுத்தை நெரிக்கும். ஏனென்றால் அந்தப் பில்டரும் சொந்தக் காசில் கட்டவில்லை. அரைகுறை வீட்டை அடமானம் வைத்து, வக்கீல்கள் மூலம் ஊர்க் கடைக்காரர்களிடமும் விதவைகளின் சேமிப்பிலிருந்தும் கடன் வாங்கித்தான் கட்டினார். இன்றைய ஃபிளாட் புரமோட்டர்கள் செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்படி எழுந்த முதல் இடம் குவீன் ஸ்கொயர், 1728-இல் தொடங்கியது. அதன் வடக்குப் பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் முக்கோண முகடும் தூண்களும் கொண்ட ஒரே அரண்மனை மாதிரி இருக்கும். கிட்டே போனால் தனித்தனிக் கதவுகள், ஏழு வீடுகள். ஒருவரும் அரண்மனை வாங்க முடியாது, ஆனால் அரண்மனையில் ஏழில் ஒரு பங்கை ஒரு சீசனுக்கு வாடகைக்கு எடுக்கலாம். இந்த யோசனைதான் பாத் நகரத்தைத் தூக்கி நிறுத்தியது.

அங்கிருந்து கே ஸ்ட்ரீட் மேடேறி சர்க்கஸுக்குப் போகிறது. மிருகங்கள் வித்தை காட்டும் சர்க்கஸ் அல்ல. வட்டம் என்ற பொருளில் வைத்த பெயர். 33 வீடுகள், மூன்று வளைவுகளாகப் பிரிந்து ஒரு முழு வட்டமாக நிற்கின்றன. கீழ்த்தளத்தில் டோரிக், நடுவில் அயோனிக், மேலே கொரிந்தியன் என்று மூன்று வகைத் தூண்கள். டோரிக் தூண்களுக்கு மேலே ஓடும் பட்டையில் பாம்பு, கடல்வழிக் கருவிகள், கலைச் சின்னங்கள் என்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட செதுக்கல்கள். மேல் விளிம்பில் கல்லால் ஆன ஓக் விதைகள். வுட்டுக்கு இங்கிலாந்தின் பழைய ட்ரூயிட் பூசாரிகள் மீது ஒரு பைத்தியமே இருந்தது. ஸ்டோன்ஹெஞ்ச் கல் வட்டத்தை நேரில் போய் அளந்து வந்தவர் அவர். சர்க்கஸின் விட்டம், சுமார் 318 அடி, அந்த அளவை ஒட்டித்தான் வருகிறது. ரோமாபுரியின் அரங்கை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிண்டலாக இருந்தாலும் வர்ணனை சரிதான்.

1754 பிப்ரவரியில் சர்க்கஸுக்கு முதல் கல் வைத்தார்கள். மே மாதம் வுட் இறந்துவிட்டார். மகன், அவர் பெயரும் ஜான் வுட், 1768 வரை இருந்து முடித்தார்.

அந்த மகன் சும்மா இருக்கவில்லை. 1767-இல் ராயல் கிரெசென்ட்டைத் தொடங்கினார். 30 வீடுகள், 114 தூண்கள், புல்வெளியைப் பார்த்தபடி ஒரு பிறை. தெரு என்றால் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இருக்க வேண்டும் என்ற வழக்கத்தையே விட்டுவிட்டு ஒரு பக்கம் முழுக்கப் பச்சை வெளியாக விட்டது அந்தக் காலத்துக்குப் புதுசு. மேயும் ஆடுமாடு வீட்டுப் பக்கம் வராமல் இருக்க, வேலிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத பள்ளச் சுவர் ஒன்று உண்டு. இங்கேயும் அதே வியாபார முறைதான். வாங்குகிறவர் முகப்பில் இத்தனை அடி நீளம் என்று எடுத்துக்கொண்டு, பின்னால் தன் சொந்த மேஸ்திரியை வைத்து வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இதன் விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் கிரெசென்ட்டின் பின்பக்கத் தெருவுக்குப் போக வேண்டும். முன்னால் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே சீராக நின்ற வீடுகள் பின்னால் சந்தைக் கூட்டம் போல இருக்கும். ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும், ஒன்று உள்ளே போகும், கூரை உயரம் ஒன்றுக்கொன்று ஒட்டாது, ஜன்னல்கள் மேலும் கீழுமாக இருக்கும். பாத் நகரத்தின் நிஜ முகம் முதுகுப் பக்கம் இருக்கிறது என்று தோன்றும்.

கண்ணில் படாத இன்னொரு வேலை தெருவுக்கு அடியில் இருக்கிறது. மலைச்சரிவில் தெருவைச் சமமாக்கப் பள்ளம் தோண்டுவதை விட, இயற்கையான தரையிலேயே அடித்தளத்தைக் கட்டி, முன்னால் கல் வளைவு அறைகள் எழுப்பி, அதன் மேல் சாலையைப் போடுவது சுலபமாக இருந்தது. எனவே பல தெருக்களில் வண்டி போவது வீட்டு நிலவறைகளின் கூரை மேல்தான். கரி கொட்டுவதற்கு நடைபாதையில் வட்டமான இரும்பு மூடிகள் இருக்கும். வேலைக்காரர்கள் அந்த அடித்தளத்தில் சமைத்து, தண்ணீர் சுமந்து, அதிகாலையில் அடுப்பு மூட்டி, மேலே நாலு மாடி படியேறி உச்சியில் கூரையறையில் தூங்கினார்கள். ராயல் கிரெசென்ட்டின் முதல் எண் வீடு 1970-இலிருந்து அருங்காட்சியகம். அங்கே சாப்பாட்டு அறையும் வரவேற்பறையும் மட்டுமல்லாமல் கீழே சமையலறையும் பார்க்கக் கிடைக்கிறது.

இந்த வீடுகளில் வசித்தவர்கள் பட்டியல் நீளமானது. ஓவியர் கெயின்ஸ்பரோ சர்க்கஸ் 17-ஆம் எண்ணில் இருந்து, ஊருக்கு வரும் பணக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து வரைந்து சம்பாதித்தார். பிரதமராக இருந்த மூத்த வில்லியம் பிட் 7-ஆம் எண். 14-ஆம் எண் வீட்டுச் சுவரில் இருக்கும் பெயர் நமக்கும் தெரிந்ததுதான். ராபர்ட் கிளைவ். 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையில் முற்றுகையைத் தாங்கிப் பெயர் வாங்கி, பின்பு வங்காளத்தில் பெரும் செல்வம் சேர்த்த அதே கிளைவ். 1774-இல் லண்டனில் இறந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாத்விக் பகுதியில் வெல்லூர் லேன் என்றே ஒரு தெரு இருக்கிறது. நம் வேலூர்தான். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஒரு ஜெனரல் ஓய்வு பெற்று வந்து கட்டிய மாளிகைக்கு வெல்லூர் ஹவுஸ் என்று பெயர் வைத்தார். மாளிகை இப்போது ஓட்டல்.

இந்தியப் பணம் மட்டுமல்ல. ஜமைக்கா போன்ற தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வேலை வாங்கிச் சேர்த்த பணமும் இந்த ஊரில் தாராளமாகப் புழங்கியது. லேன்ஸ்டவுன் கிரெசென்ட்டில் வசித்து, மலைமேல் தனக்கென்று ஒரு கோபுரமே கட்டிக்கொண்ட வில்லியம் பெக்ஃபர்ட் அப்படி வந்தவர். கோபுரம் 1827-இல் முடிந்தது. அழகான கோபுரம்தான். ஜமைக்காவில் கரும்பு வெட்டியவர்களுக்கு அதில் ஒரு கல்லிலும் பெயர் இல்லை.

எல்லா வீடும் சீமான் வீடு இல்லை. நியூ கிங் ஸ்ட்ரீட் 19-ஆம் எண் ஒரு சாதாரண வரிசை வீடு. அதில் வாடகைக்கு இருந்த வில்லியம் ஹெர்ஷல் ஆக்டகன் சாப்பலில் ஆர்கன் வாசிக்கும் இசைக்காரர். பகலில் சங்கீதம், இரவில் வானம். 1781 மார்ச் 13 அன்று பின்தோட்டத்தில் தானே செய்த தொலைநோக்கி வழியாகப் பார்த்தபோது யுரேனஸ் கிரகம் கண்ணில் பட்டது. அதே வருடம் அடித்தளத்தில் பெரிய கண்ணாடி வார்க்க உலோகத்தைக் காய்ச்சியபோது உலை கசிந்து உருகிய உலோகம் தரையில் ஓடியது. தரைக் கற்கள் வெடித்துப் பறந்தன. அந்த வெடிப்பு இன்றும் இருக்கிறது. தங்கை கரோலின் குறிப்பெடுத்தும் கண்ணாடி தேய்க்கும்போது அண்ணனுக்குச் சோறு ஊட்டியும் உதவியவர். பிறகு தானே வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்.

பணம் திரட்டுவதற்கு இன்னொரு விசித்திர வழியும் பாத்தில் கையாளப்பட்டது. 1771-இல் திறந்த புதிய அசெம்பிளி ரூம்ஸ், அதாவது நடன மண்டபம், டொன்டைன் முறையில் எழுந்தது. பங்குதாரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு வாரிசுக்குப் போகாது, மீதி இருப்பவர்களுக்கே சேரும். யார் அதிக நாள் உயிரோடு இருக்கிறாரோ அவருக்கு அதிக லாபம். நோயாளிகள் வரும் ஊரில் இப்படி ஒரு திட்டம்!

இளைய வுட் இறந்தபோது கடனில்தான் இருந்தார். இங்கிலாந்தின் மிக அழகான தெருவை வரைந்தவர்! இது ஒரு எச்சரிக்கை மணி மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆட்டம் ஆரம்பமாகியிருந்தது.

பாத்விக் பகுதி முழுக்க ஃபிரான்சஸ் பல்ட்னி என்ற பெண்ணுக்கு வந்த சொத்து. கணவர் வில்லியம் ஜான்ஸ்டன் மனைவியின் குடும்பப் பெயரையே தனக்குச் சேர்த்துக்கொண்டார், சொத்து அவ்வளவு பெரிது. ஆற்றைக் கடக்கப் படகுதான். எனவே ராபர்ட் ஆடம் வரைந்த பாலம் 1774-இல் முடிந்தது. இரண்டு பக்கமும் கடைகள் கொண்ட பல்ட்னி பாலம் அதுதான். பிறகு நகரத்தின் கட்டடக்காரர் தாமஸ் பால்ட்வினிடம் திட்டம் போனது. நூறடி அகலம், ஆயிரம் அடிக்கு மேல் நீளம் கொண்ட கிரேட் பல்ட்னி ஸ்ட்ரீட், அதன் இரு பக்கமும் கிளைத் தெருக்கள், அப்பால் சதுக்கங்கள் என்று காகிதத்தில் ஒரு முழு நகரம். தெருக்களுக்குக் குடும்பத்துப் பெயர்கள். மகள் ஹென்றியெட்டா லாரா பெயரில் ஒரு தெருவும் ஒரு சதுக்கமும்.

1788-இலிருந்து வேலை மளமளவென்று நடந்தது. ஊரெங்கும் புதிது புதிதாகப் பிறைகளும் வரிசைகளும் கிளம்பின. யார் வேண்டுமானாலும் கடன் வாங்கலாம், யார் வேண்டுமானாலும் பில்டர் ஆகலாம் என்ற நிலைமை. தனியார் வங்கிகள் தங்கள் நோட்டுகளைத் தாங்களே அச்சடித்துக் கொடுத்தன.

1793 பிப்ரவரியில் பிரான்ஸுடன் போர் மூண்டது. ஜனங்கள் நோட்டை நீட்டித் தங்கம் கேட்டு வங்கி வாசலில் நின்றார்கள். அரைகுறை வீட்டுச் சுவர்களில் போட்ட பணத்தை எந்த வங்கியால் ஒரே வாரத்தில் தங்கமாக மாற்ற முடியும்? பாத் சிட்டி பேங்க் மூழ்கியது. கடன் வாங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். தாமஸ் பால்ட்வின் திவால். கேம்டன் கிரெசென்ட், குரோவனர் பிளேஸ் ஆகியவற்றை வரைந்த ஜான் எவ்லியும் திவால். பெயர் பதிவாகாத கொத்தனார்கள், தச்சர்கள், அவர்களுக்குக் கடன் கொடுத்த கடைக்காரர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். கூரை இல்லாத வீடுகள் வருடக்கணக்கில் மழையில் நின்றன. சண்டர்லேண்ட் ஸ்ட்ரீட்டுக்கு அடுத்த வீடு வரவே இல்லை. அந்தத் தெரு போய்ச் சேர வேண்டிய நிலம் நூறு வருடம் கழித்து 1897-இல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக ஹென்றியெட்டா பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஜான்ஸ்டன் ஸ்ட்ரீட் நின்ற இடத்துக்கு அப்பால் இருப்பது ரக்பி மைதானம். அந்தத் திட்டம் தோற்றதால் ஊருக்குக் கிடைத்த பச்சை வெளிகள் இவை.

கேம்டன் கிரெசென்ட்டின் கதை இன்னும் கொஞ்சம் பரிதாபம். அங்கே பணம் சரிவதற்கு முன்பே மண்ணும் சரிந்துவிட்டது. கிழக்குக் கோடியில் மலைச்சரிவு நகர்ந்ததால் வரிசையை முழுதாகக் கட்ட முடியவில்லை. நடுவில் இருக்க வேண்டிய முக்கோண முகடு அதனால் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. ஜேன் ஆஸ்டின் தன் 'பெர்சுவேஷன்' நாவலில், வரவுக்கு மீறிச் செலவு செய்து சொந்த மாளிகையை வாடகைக்கு விட்டுவிட்டு வரும் டம்பக்கார பிரபு ஒருவரைக் குடிவைக்க இந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். சரியான குறும்பு!

ஆஸ்டினுக்கு பாத் நகர வாடகை நிலவரம் அனுபவத்தில் தெரியும். 1801-இல் பாதிரியாரான தந்தை ஓய்வு பெற்று மனைவியோடும் இரண்டு பெண்களோடும் பாத்துக்கு வந்தார். முதல் வீடு சிட்னி பிளேஸ் 4-ஆம் எண், எதிரே பூந்தோட்டம், நல்ல விலாசம். மூன்று வருடக் குத்தகை முடிந்ததும் கிரீன் பார்க் பில்டிங்ஸ். ஆற்றோரம், தாழ்வான இடம், ஈரம் ஏறும் என்று முன்பு வேண்டாம் என்று ஒதுக்கியிருந்த அதே பகுதி. 1805 ஜனவரியில் தந்தை இறந்தார். அவருடைய தேவாலய வருமானம் அன்றோடு நின்றது. தாயும் பெண்களும் மகன்கள் தரும் உதவியை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்து கே ஸ்ட்ரீட் 25-இல் தங்கினார்கள். அதற்கும் அடுத்து டிரிம் ஸ்ட்ரீட். பாத்துக்கு வரும் முன்பே, எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், டிரிம் ஸ்ட்ரீட் மட்டும் வேண்டாம் என்று தாயார் சொன்னதாக ஜேன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஐந்தே வருடத்தில் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். 1806-இல் ஊரை விட்டே போனார்கள். அந்த நாலு முகவரிகளையும் வரிசையாக நடந்து பார்த்தால் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் படித்த மாதிரி இருக்கும்.

அதன் பிறகு நாகரிக உலகம் கடற்கரை ஊர்களுக்குப் போய்விட்டது. பாத் ஓய்வு பெற்றவர்களின் ஊராக அமைதியானது. கரிப்புகை படிந்து தேன் நிறக் கல் கறுத்தது. ஒரு காலத்தில் நல்ல விடுதி வீடுகளாகக் கட்டிய ஏவன் ஸ்ட்ரீட், வெள்ளம் வரும் தாழ்நிலம் என்பதால் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் சேரியானது. 1880 வாக்கில் நகரப் பொறியாளர் டேவிஸ் கசிவைத் தேடித் தோண்டப் போய் ரோமானியர்களின் பெருங்குளம் வெளிப்பட்டது. அதன் மேல் நின்ற வீடுகளை வாங்கி இடித்தார்கள். பக்கத்தில் மேரி ஷெல்லி 1816-இல் தங்கி 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலின் ஒரு பகுதியை எழுதிய வீடும் பின்னர் இடிபட்டது.

1942 ஏப்ரல் கடைசியில் இரண்டு இரவுகள் ஜெர்மானிய விமானங்கள் வந்தன. பாத்தில் பெரிய ராணுவத் தளம் கிடையாது. லூபெக் நகரத்தைப் பிரிட்டன் எரித்ததற்குப் பழிவாங்க, இங்கிலாந்தின் அழகான ஊர்களைத் தேர்ந்தெடுத்துத் தாக்கினார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குவீன் ஸ்கொயரின் தெற்கு வரிசை சிதைந்தது. அசெம்பிளி ரூம்ஸ் எரிந்து வெறும் சுவராக நின்றது. அதைச் சீர்செய்து திறக்க 1963 ஆயிற்று.

ஆனால் குண்டு செய்ததை விட அதிகமாக நகரசபை செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது வெறும் கோபப் பேச்சு அல்ல. 1950-களிலிருந்து 70-களின் ஆரம்பம் வரை, பெரிய பிறைகளையும் சதுக்கங்களையும் விட்டுவிட்டு, அவற்றைக் கட்டிய கொத்தனார்களும் பல்லக்குத் தூக்கிகளும் வாழ்ந்த சின்னச் சின்ன ஜார்ஜிய வீடுகளைத் தெருத் தெருவாக இடித்தார்கள். இடிந்து ஒழுகும் வீடுகள், குளியலறை இல்லை, ஏழைகளுக்கு நல்ல வீடு வேண்டாமா என்பது நகரசபையின் வாதம். அதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் பழுது பார்த்திருக்கலாம் என்று காட்டுவதற்கும் ஆதாரம் இருந்தது, தப்பிப் பிழைத்த அதே மாதிரி வீடுகளை இன்று மத்தியதர வர்க்கம் போட்டி போட்டு வாங்குகிறது. மூன்றாம் தரப் பட்டியலில் இருந்த கட்டடங்களுக்கு அப்போது சட்டப் பாதுகாப்பே கிடையாது. பட்டியலில் இருந்தது, இடிபட்டது, அவ்வளவுதான். 1973-இல் ஆடம் ஃபெர்கூசன் 'தி சாக் ஆஃப் பாத்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பாத்தின் சூறையாடல் என்று பொருள். அதில் இடிபாடுகளின் படங்களைப் பார்த்த பிறகுதான் நாடு விழித்தது. இடிப்பு பெரும்பாலும் நின்றது.

பிறகு கெடுபிடி எதிர்த் திசையில் போனது. அதே 70-களில் ராயல் கிரெசென்ட் 22-ஆம் எண்ணில் இருந்த அம்மையார் ஒருவர் வாசல் கதவுக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார். மற்றக் கதவுகள் வெள்ளை. நகரசபை மாற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது. அவர் விடாமல் முறையீடு செய்து ஜெயித்தார். கதவு மஞ்சளாகவே இருந்துவிட்டது. 1987-இல் நகரம் முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2021-இல் ஐரோப்பாவின் பெரிய வெந்நீர் ஊற்று நகரங்களில் ஒன்றாக இரண்டாம் முறையும் பட்டியலில் சேர்ந்தது.

கடைசியாகக் கல் வந்த இடத்துக்குப் போவோம். ரால்ஃப் ஆலன் காலத்திலும் அதற்குப் பின்னும் கூம் டவுன் மலையைக் குடைந்து கல்லை எடுத்தார்கள். கூரை விழாமல் இருக்க உள்ளே கல் தூண்களை விட்டு வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்தத் தூண்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி விற்றார்கள். மேலே ஒரு கிராமம் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வு செய்தபோது சில இடங்களில் வீடுகளுக்கும் சாலைக்கும் அடியில் இருந்த பாறையின் கனம் ஓரிரு மீட்டர்தான் என்று தெரிந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் வெற்றிடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தன. 2005 முதல் 2010 வரை, சுமார் 15 கோடி பவுண்டு அரசாங்கப் பணத்தில், நுரை கான்கிரீட்டைக் குழாய் வழியாக உள்ளே செலுத்தி அந்தக் குகைகளை நிரப்பினார்கள். வௌவால்கள் தங்குவதற்கு மட்டும் சில அறைகளை விட்டுவைத்தார்கள்.